98 வாக்கும் 22 இடமும்

அன்புள்ள ஐயா,

மேற்கு ஆஸ்திரேலியாவின் சட்டமேலவை பற்றிப் போன மாதம் நீங்கள் எழுதிய குறிப்பில், 98 வாக்கு வாங்கிய ஒருவர் நான்கு வருடம் அங்கே உறுப்பினராக இருந்ததாக ஒரு வரி வருகிறது. அச்சுப்பிழை என்று நினைத்து இரண்டு முறை படித்தேன். எங்கள் ஊர் வார்டு தேர்தலில்கூட 98 வாக்குக்கு டெபாசிட் கிடைக்காது. இது எப்படி நடந்தது? இப்படி ஆட்களை உட்கார வைப்பதற்கா ஒரு மேலவை? 1986-இல் எம்.ஜி.ஆர். நம் மேலவையை எடுத்துவிட்டது எவ்வளவு சரி என்று இதைப் படித்ததும் தோன்றியது. நீங்கள் மேலவை வேண்டும் என்கிற கட்சி என்று தெரியும். இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

ச., மதுரை

அன்புள்ள ச.,

அச்சுப்பிழை இல்லை. 98 தான்.

2021 மார்ச் 13 அன்று இங்கே தேர்தல் நடந்தது. சட்டமேலவைக்கு அப்போது 36 இடங்கள். மாநிலத்தை ஆறு மண்டலமாகப் பிரித்து, மண்டலத்துக்கு ஆறு பேரைத் தேர்ந்தெடுப்பார்கள். அதில் ஒன்று சுரங்க, மேய்ச்சல் நிலங்களின் மண்டலம். கல்கூர்லியின் தங்கச் சுரங்கங்களில் தொடங்கி, பில்பராவின் இரும்புத் தாது மலைகளைத் தாண்டி, வடக்கே கிம்பர்லி வரைக்கும் போகும். மேற்கு ஆஸ்திரேலியா பரப்பளவில் தமிழ்நாட்டைப் போல ஏறத்தாழ இருபது மடங்கு. அதில் பெரும்பகுதி இந்த ஒரு மண்டலம்தான். ஆட்கள்தான் குறைவு. அங்கே ஆறாவது இடத்தைப் பிடித்தவர் டேலைட் சேவிங் கட்சியின் வில்சன் டக்கர். கோடைக்காலத்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைக்க வேண்டும் என்பதுதான் அந்தக் கட்சியின் கொள்கை. மண்டலத்தில் விழுந்த வாக்குகளில் அவருக்குக் கிடைத்த முதல் விருப்ப வாக்கு 98, அதாவது 0.2 சதவீதம். தேர்தல் நடந்தபோது அவர் அமெரிக்காவில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். ஜெயித்த பிறகு ஊர் திரும்பிப் பதவியேற்றார்.

கடிகாரத்தை மாற்றலாமா என்று இந்த மாநில மக்களிடம் 1975, 1984, 1992, 2009 என்று நான்கு முறை பொது வாக்கெடுப்பு நடத்தியிருக்கிறார்கள். நான்கு முறையும் வேண்டாம் என்றே பதில் வந்தது. அதே கோரிக்கைக்காகத் தொடங்கிய கட்சி மேலவைக்குள் வந்தது என்றால் உங்களுக்குக் கோபம் வருவது நியாயம்தான். எனக்கும் வந்தது.

எப்படி நடந்தது என்று சொல்கிறேன். இதை நான் வெளியிலிருந்து பார்க்கவில்லை, அன்றைக்கு நானும் ஓட்டுப் போட்டவன். என் மண்டலம் வேறு, சீட்டு ஒரே மாதிரிதான்.

இங்கே வாக்களிப்பது கட்டாயம். சனிக்கிழமை காலை, பக்கத்துத் தெருப் பள்ளிக்கூடம். வாசலில் வெங்காயம் வதங்கும் வாசனை. பள்ளிக்கு நிதி சேர்க்க ரொட்டியில் சாசேஜ் வைத்து விற்பார்கள், தேர்தல் என்றாலே அது உண்டு. உள்ளே போனதும் இரண்டு சீட்டு கொடுத்தார்கள். கீழவைக்கான சீட்டு கையடக்கம். மேலவைச் சீட்டு அகலமானது, அட்டைத் தடுப்புக்குள் முழுசாக விரிக்க முடியவில்லை, பாதியை மடித்து வைத்துக்கொண்டேன். நடுவில் ஒரு கோடு. கோட்டுக்கு மேலே கட்சிகளின் பெயரோடு கட்டங்கள், கீழே ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு கட்டம். மேலே ஒரே ஒரு கட்டத்தில் 1 என்று எழுதினால் போதும். கீழே போவதென்றால் ஒரு கட்டம் விடாமல் எல்லாருக்கும் வரிசை எண் போட வேண்டும். பின்னால் ஆட்கள் நிற்கிறார்கள். நான் மேலே 1 போட்டு, மடித்து, பெட்டியில் போட்டுவிட்டு வந்துவிட்டேன். ஊரில் பெரும்பாலானோர் செய்வதும் அதுதான்.

அந்த 1-க்குப் பிறகு 2 யாருக்கு, 3 யாருக்கு என்று நான் எழுதவில்லை. ஆனால் யாரோ எழுதியிருந்தார்கள். ஒவ்வொரு கட்சியும் தேர்தலுக்கு முன்பே தேர்தல் ஆணையத்திடம் ஒரு வரிசைப் பட்டியல் கொடுத்துவிடும். மேலே 1 போட்ட ஒவ்வொருவருடைய மீதி விருப்பங்களும் அந்தப் பட்டியல்படி போகும். ஆறு இடத்துக்கு ஏழில் ஒரு பங்கு வாக்கு வாங்கினால் ஒருவர் ஜெயித்த மாதிரி. பெரிய கட்சிகள் நேரடியாக எடுத்துக்கொண்டது போக, கடைசி இடத்துக்குக் கழித்துக் கட்டும் வேலை ஆரம்பிக்கும். மிகக் குறைந்த வாக்கு உள்ளவரை நீக்கி, அவருடைய சீட்டுகளை அவருடைய பட்டியலில் அடுத்து இருப்பவருக்குக் கொடுப்பார்கள். அப்புறம் அடுத்தவரை நீக்குவார்கள். சிறு கட்சிகள் எல்லாம் உனக்கு நான், எனக்கு நீ என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டால், 98 வாக்கோடு நிற்பவர்கூட ஒவ்வொரு சுற்றிலும் நீக்கப்பட்டவர்களின் சீட்டுகளை வாங்கி வாங்கி மேலே வந்துவிடுவார். கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கச் சொன்ன கட்சிக்குப் போட்ட ஓட்டும், மருத்துவக் காரணத்துக்கோ மதக் காரணத்துக்கோ ஆரம்பித்த கட்சிக்குப் போட்ட ஓட்டும் ஒரே கூடையில் விழும். போட்டவருக்குத் தெரியாது.

முடிவு வந்த பிறகுதான் நான் வாக்களித்த கட்சியின் பட்டியலைத் தேடி எடுத்து, உட்கார்ந்து படித்தேன். என் ஒரு 1-இல் இத்தனை பெயர்கள் ஒளிந்திருந்ததா என்று இருந்தது. அதில் ஐந்தாறு பெயரை நான் என் கையால் எழுதியே இருக்க மாட்டேன்.

அப்போது அப்பா ஞாபகம் வந்தது. அப்பா உயர்நிலைப்பள்ளி ஆசிரியர். நம் மேலவையில் ஆசிரியர்களுக்கென்று தனித் தொகுதி இருந்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். பன்னிரண்டில் ஒரு பங்கு இடம் அவர்களுக்கு, அதே அளவு பட்டதாரிகளுக்கு. அந்தத் தேர்தலிலும் முத்திரை குத்துவது கிடையாது. 1, 2, 3 என்று எண் போட வேண்டும். நான் சின்னப் பையனாக இருந்தபோது அப்பா ஓட்டுப் போடப் போகும் முன் இரவு திண்ணையில் உட்கார்ந்து, இன்னொரு ஆசிரியரோடு யாருக்கு இரண்டு, யாருக்கு மூன்று என்று ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தார். ஒன்று யாருக்கு என்பதில் அவர்களுக்குச் சந்தேகமே இல்லை. இரண்டாவதில்தான் வாதம். மேற்கு ஆஸ்திரேலியா பறித்துக்கொண்டது அந்த இரண்டாவதைத்தான். அதனால் 98 வாக்குக்குப் பழி டக்கர் மேல் இல்லை. அவர் சட்டத்தில் இருந்த வழியில் வந்தார். அந்த வழியைப் பெரிய கட்சிகள்தான் 1987-இல் போட்டன. முப்பது வருடத்துக்கு மேல் எல்லாருமே அதில் நடந்தார்கள்.

உங்கள் முதல் கேள்விக்கு இவ்வளவுதான் பதில். இரண்டாவது கேள்விதான் என்னை எழுத உட்கார வைத்தது. 98 வாக்கில் ஒருவர் வந்தார், ஆகவே மேலவை வீண் என்கிறீர்கள். 2021 முதல் 2025 வரையிலான அந்த நான்கு வருடத்தைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான். அந்த அவைக்கு நேர்ந்த பெரிய கேடு டக்கரால் வரவில்லை. அவர் 36 பேரில் ஒருவர். என்னைக் கவலைப்பட வைத்த எண் 22.

அந்தத் தேர்தலின்போது, நம் முதலமைச்சரைப் போல இங்கே மாநிலத்தை நடத்தும் பிரீமியர் மார்க் மெக்கோவன். கொரோனா காலத்தில் மாநில எல்லையை மூடி வைத்தவர். அவருடைய லேபர் கட்சி கீழவையில் 59-க்கு 53 இடம் வாங்கியது. லிபரல் கட்சிக்கு மிஞ்சியது இரண்டே இடம். மேலவையிலும் 36-க்கு 22. மீதியில் லிபரல் 7, நேஷனல்ஸ் 3, கஞ்சா கட்சி 2, கிரீன்ஸ் 1, டக்கர் 1. மேலவையில் லேபர் கட்சி தனித்துப் பெரும்பான்மை பெற்றது அந்த மாநில வரலாற்றிலேயே அதுதான் முதல் முறை.

ஏன் அதுவரை கிடைக்கவில்லை என்பதற்குப் பழைய கதை ஒன்று உண்டு. இந்த அவை 1832-இல் தொடங்கியது. அதற்கு ஓட்டுப் போடச் சொத்து இருக்க வேண்டும் என்ற விதி 1964 வரை இருந்தது. 1954-இல் அவைக்குள் வந்த முதல் பெண் ரூபி ஹட்சிசன், இந்த அவையையே கலைக்க வேண்டும் என்று அதற்குள் நின்று பேசியவர். நியாயமான கோபம், நிலமும் வீடும் உள்ளவர்களின் அவையாகத்தானே அது இருந்தது. சொத்து விதி போன பிறகும் எடை சரியாகவில்லை. 2021 தேர்தலில்கூடப் பெருநகரம் பெர்த்தின் மூன்று மண்டலத்துக்கு 18 இடம், வெளியே மூன்று மண்டலத்துக்கு 18 இடம். வாக்காளர்களில் நான்கில் மூன்று பங்கு பெர்த்தில் இருக்கிறார்கள். என் ஓட்டைப் போல ஆறு மடங்கு எடை சுரங்க மண்டலத்தில் இருப்பவருடைய ஓட்டுக்கு. டக்கரின் 98 அத்தனை தூரம் போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

22 இடம் கையில் வந்ததும் அரசு இதை மாற்றியது. தேர்தலுக்கு முன்னால் நிருபர்கள் கேட்டபோதெல்லாம் அது தன் திட்டத்தில் இல்லை என்று சொல்லிவந்தவர் மெக்கோவன். தேர்தல் முடிந்ததும் முன்னாள் ஆளுநர் மால்கம் மெக்கஸ்கர் தலைமையில் ஒரு குழு போட்டார்கள். அதே வருடம் நவம்பரில் சட்டம் வந்துவிட்டது. ஆறு மண்டலமும் போய், மாநிலம் முழுக்க ஒரே தொகுதி, 37 இடம். கட்சிகள் கொடுக்கும் வரிசைப் பட்டியலும் ஒழிந்தது. மாற்றம் சரியானது, நான் அதை வரவேற்கிறேன். ஒரு மனிதருக்கு ஒரு ஓட்டு, அதற்கு ஒரே எடை. ஆனால் ஓட்டுக் கேட்கும்போது இல்லை என்று சொன்ன ஒன்றை ஓட்டு வாங்கியபின் செய்யலாமா என்று கேட்க ஓர் அவை வேண்டுமில்லையா? எதிர்க்கட்சிக்காரர்கள் கேட்கத்தான் செய்தார்கள். கேட்டார்கள், பதிவானது, வாக்கெடுப்பில் தோற்றார்கள்.

அதைவிட என்னை உலுக்கியது இன்னொரு சட்டம்.

2020 மே 24 அன்று பில்பராவில் ஜூகன் பள்ளத்தாக்கில் இருந்த இரண்டு பாறைக் குகைகளை ரியோ டின்டோ நிறுவனம் இரும்புத் தாதுக்காக வெடி வைத்துத் தகர்த்தது. 46,000 வருடமாக மனிதர்கள் தங்கிப் போன இடம். அங்கே அகழ்வில் 4,000 வருடப் பழைய, மனித முடியால் பின்னிய ஒரு கயிற்றுத் துண்டு கிடைத்திருந்தது. அதன் மரபணுவைச் சோதித்தபோது இன்றைக்கும் அந்த மண்ணில் வாழும் புட்டு குண்டி குர்ரமா, பினிகுரா மக்களின் முன்னோருடையது என்று தெரிந்தது. அந்த மக்களுக்கு அது பாட்டனார் வீடு. தகர்த்தது சட்டப்படி குற்றம் இல்லை. பழங்குடி மக்களின் பாரம்பரிய இடங்கள் பற்றிய 1972-ஆம் வருடச் சட்டத்தின் 18-ஆவது பிரிவில் அனுமதி வாங்கியிருந்தார்கள். கீழடியில் ஒரு குழி தோண்டினால் அதைப் பார்க்கக் குடும்பத்தோடு பஸ் ஏறிப் போகிறவர்கள் நாம். இதைப் படித்துவிட்டு அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

பழைய சட்டத்தை மாற்றாமல் இருக்க முடியாது என்று எல்லாருக்கும் தெரிந்தது. புதிய மசோதா 2021 நவம்பரில் கீழவைக்கு வந்தது. டிசம்பரில் மேலவையும் தாண்டிவிட்டது. ஒரு மாதம். எந்த மக்களுக்காகச் சட்டமோ அவர்களில் பலர், எங்களிடம் சரியாகக் கேட்கவில்லை, கடைசி முடிவு இன்னமும் அமைச்சர் கையில்தான் இருக்கிறது என்று வெளியில் நின்று சொன்னார்கள். அதே அவையில் அதே கூட்டத்தொடரில்தான் ரோசி சஹானா உட்கார்ந்திருந்தார். கிம்பர்லியிலிருந்து வந்தவர், அந்த மேலவைக்குத் தேர்வான முதல் பழங்குடிப் பெண், டக்கரின் அதே மண்டலம். அவருடைய வருகையை 98-ஐப் பற்றி எழுதியவர்களில் எத்தனை பேர் எழுதினார்கள் என்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

சட்டம் 2023 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தது. 1,100 சதுர மீட்டருக்கு மேல் நிலம் வைத்திருக்கும் விவசாயி வேலி போடக் குழி தோண்டினால் அனுமதி வேண்டுமா வேண்டாமா என்று ஊரெல்லாம் குழப்பம். விதிகள் யாருக்கும் புரியவில்லை. விவசாயிகள் கொதித்தார்கள். பழங்குடி மக்களுக்கும் நிம்மதி இல்லை. மெக்கோவன் அதற்குள் பதவி விலகியிருந்தார். புதிய பிரீமியர் ரோஜர் குக் ஆகஸ்ட் 8 அன்று சட்டத்தைத் திரும்பப் பெறுவதாக அறிவித்துவிட்டார். முழுசாக ஆறு வாரம்கூட ஓடவில்லை. பழைய 1972 சட்டமே சில திருத்தங்களோடு திரும்பி வந்தது.

2021 டிசம்பரில் மேலவையில் அரசுக்கு நான்கு இடம் குறைவாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். மசோதா தோற்றிருக்காது. ஆனால் குழுவுக்குப் போயிருக்கும். விவசாயியும், குகையை இழந்த மக்களின் பெரியவர்களும் ஒரே மேஜை முன் வந்து உட்கார்ந்து, ஒவ்வொரு பிரிவாக இது எங்கே இடிக்கும் என்று சொல்லியிருப்பார்கள். ஆறு மாதம் தாமதமாகியிருக்கும். ஆறு வாரத்தில் செத்துப்போகாத சட்டம் ஒன்று அவர்களுக்குக் கிடைத்திருக்கும் என்றுதான் நம்புகிறேன். மேலவையின் வேலையே அதுதான். இங்கே அதற்குப் பல்லும் உண்டு: நிதி மசோதா தவிர மற்றதைத் திருத்தலாம், வேண்டாமென்றால் தோற்கடித்தே விடலாம். நம் அரசியலமைப்பில் மாநில மேலவை ஒரு மசோதாவை முதலில் மூன்று மாதம், திரும்ப வந்தால் ஒரு மாதம் தாமதப்படுத்தலாம், அதற்கு மேல் இல்லை. பல் உள்ள அவையே 22 பேர் ஒரே பக்கம் உட்கார்ந்தபோது அதை அழுத்திக் கடிக்கவில்லை.

சின்னக் கட்சிக்காரர்கள் என்றாலே தண்டம் என்று உங்கள் கடிதத்தில் ஒரு தொனி இருக்கிறது. அதையும் நான் ஏற்கவில்லை. கஞ்சா கட்சியிலிருந்து வந்த பிரையன் வாக்கர் ஒரு மருத்துவர். அந்தக் கட்சியும் பட்டியல் பேரத்தின் உதவியோடுதான் வந்தது. ஆனால் அவர் தலைமையில் மேலவைக் குழு ஒன்று மருத்துவத்துக்கான கஞ்சா, தொழிலுக்கான சணல் வகை இரண்டையும் விசாரித்து 2023-இல் அறிக்கை கொடுத்தது. கொள்கையை ஏற்கிறோமோ இல்லையோ, கேட்க ஆளில்லாத ஒரு விஷயத்தை அவைக்குள் உட்கார்ந்து கேட்டார்கள்.

சரி, எம்.ஜி.ஆருக்கு வருகிறேன். 1986-இல் நம் மேலவை போனதற்கு, அது வீண் என்று யாரும் ஆராய்ந்து முடிவுக்கு வந்தது காரணம் இல்லை. ஒரு நடிகையை உறுப்பினராக நியமிக்கப் பெயர் அனுப்பினார்கள். அவர் கடன் தீர்க்க முடியாதவர் என்று நீதிமன்றம் அறிவித்திருந்தது வெளியே வந்து வழக்கானது, ஆளுநர் விளக்கம் கேட்டார், நடிகை பின்வாங்கினார். மே 14 அன்று சட்டப்பேரவையில் கலைப்புத் தீர்மானம். கலைக்கப்பட்ட மேலவையில் அப்போது கருணாநிதியும் உறுப்பினர். நவம்பர் 1 முதல் 63 பேர் கொண்ட அவை இல்லாமல் போனது. ம.பொ.சி.தான் அதன் கடைசித் தலைவர். முதலமைச்சராக இருந்தபோது அண்ணா உட்கார்ந்ததும் அந்த மேலவையில்தான். அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும்: 1989, 1996, 2010 என்று திமுக ஆட்சியில் திரும்பக் கொண்டுவரத் தீர்மானம், 1991, 2001, 2011 என்று அதிமுக ஆட்சியில் அதை ரத்து செய்யத் தீர்மானம். 2010-இல் நாடாளுமன்றம் சட்டமே போட்டும் அவை கூடவில்லை. இந்த ஆறு தீர்மானத்திலும் அந்த அவை என்ன செய்தது, என்ன செய்யத் தவறியது என்ற பேச்சு எனக்குக் காணக் கிடைக்கவில்லை. அதனால்தான் நான் அந்தக் கலைப்பைச் சரி என்று சொல்ல மாட்டேன். தோற்றுப்போனவர்களுக்கும் வேண்டியவர்களுக்கும் இடம் கொடுக்கும் அவையாக அதை நடத்தினார்கள் என்பது உண்மை. அதைத் திருத்த வேண்டியது யார் எப்படி உள்ளே வருகிறார் என்ற இடத்தில். மேற்கு ஆஸ்திரேலியா செய்தது அதைத்தான். 98-ஐப் பார்த்து அவையைக் கலைக்கவில்லை, வழியை மூடியது.

அந்த நான்கு வருடக் காலம் 2025 மே மாதத்தோடு முடிந்தது. புதிய விதிப்படி மார்ச் 8 அன்று தேர்தல். இப்போது 37-இல் லேபர் 16 தான். பெரும்பான்மைக்கு 19 வேண்டும். மூன்று பேரைத் தேடி, உட்கார வைத்துப் பேசித்தான் இனி ஒரு சட்டம் போட முடியும். கிரீன்ஸில் நான்கு பேர் இருக்கிறார்கள்.

நான் அதே பள்ளிக்கூடத்துக்குத்தான் போனேன். சீட்டு முன்பைவிட அகலம். கோட்டுக்கு மேலே 1 போட்டேன். இந்த முறை அதோடு நின்றால் அந்த ஓட்டு அதோடு நின்றுவிடும், வேறு யாரும் எனக்காக எழுத முடியாது. இரண்டு யாருக்கு என்று முந்தின நாள் ராத்திரியே மனைவியோடு பேசி முடிவு செய்திருந்தேன். மூன்றாவதில்தான் தடுமாறினேன். தடுப்புக்குள் கொஞ்ச நேரம் நின்று, ஐந்து வரைக்கும் எழுதிவிட்டு வந்தேன்.

அன்புடன்,
பெர்த்திலிருந்து